கையில் கொடுத்த துப்பாக்கி

இந்த மலையில் மழைக்காலத்தில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும், மேடம். மறுநாள் நமுத்துப்போகும். தீப்பெட்டி பற்றாது, துணி காயாது, சுவரில் ஒட்டிய காலண்டர் தானாகக் கழன்று விழும். நீங்கள் விசாரணைக்காகச் சேலத்திலிருந்து வந்தவர்கள், அதனால் சொல்கிறேன். எங்கள் ஸ்டேஷன் சொத்து அறையும் அப்படித்தான். கேஸ்களில் கைப்பற்றிய பொருள்களை வைத்துப் பூட்டுகிற அறை அது. சாவி என் இடுப்பில்தான் இருக்கும். நான்தான் இங்கே ரைட்டர்.

ஆகவே, ஈரத்தில் சீட்டு கழன்று அந்தக் கொலைக் கேஸ் துப்பாக்கி மாறிப்போயிருக்குமோ என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டர் ஐயாவும் காலையில் அதைத்தான் சொன்னார்.

“ஆமான்னு சொல்லிப்புடு பாலகுமார். மிஞ்சிப்போனா ஒரு இன்க்ரிமென்ட் போவும். கேஸு புஸ்ஸுன்னு போயிரும். எல்லாரும் நிம்மதியா ஊடு போய்ச் சேரலாம்.”

நல்ல மனிதர், என் மேல் அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. டீ வாங்கினேன், குடிக்கவில்லை. சொத்து அறைப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன். இத்தனை வருஷ சர்வீஸில் என் கையில் ஒரு பொருள் மாறியது கிடையாது. திருட்டுச் சங்கிலியானாலும் சரி, சாராயக் கேனானாலும் சரி, துணி சுற்றி, சணல் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி நான் முத்திரை குத்தினால், அது கோர்ட்டில் போய்த்தான் பிரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவன் நான். ஈரத்தில் மாறிவிட்டது என்று நீங்கள் எழுதினால், பாலகுமார் கவனமில்லாதவன் என்று நாளைக்கு நேற்று வந்த கான்ஸ்டபிள்கூடச் சிரிப்பான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொஞ்சம் நடந்துகொண்டே பேசட்டுமா? அந்த ஜன்னல் வேறு அடித்துக்கொண்டே இருக்கிறது, கொக்கியைப் போட்டுவிட்டு வருகிறேன்.

துப்பாக்கி மாறவில்லை, மேடம். நான் மாற்றினேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குச் சரியாக இருக்கும். மலையில் காட்டுப்பன்றித் தொல்லைக்குப் பல வீடுகளில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பார்கள். லைசென்ஸ் கிடையாது, நம்பர் கிடையாது. ஒரு இரும்புக் குழாய்க்கு ஒரு கட்டை, அவ்வளவுதான். போன மழைக்காலத்துக்கு முன்னால் அதையெல்லாம் வாங்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. ஒப்படைத்தால் கேஸ் இல்லை, பெயர்கூடக் கேட்க மாட்டோம் என்று ஜீப்பில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொன்னோம். மைக்கில் பேசியது நான்தான், எனக்குக் குரல் நன்றாக இருக்கும் என்பார்கள். ஜனங்கள் ஆள் தெரியாமல் கோயில் சுவரில் சாத்திவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். விடிந்ததும் நாங்கள் போய் விறகு அள்ளுகிற மாதிரி அள்ளிக்கொண்டு வருவோம். கேட்பாரற்றுக் கிடந்தவை என்று காட்டி மொத்தமாகச் சேலத்துக்கு அனுப்பினால், அங்கே ஆயுதப்படையில் உடைத்துவிடுவார்கள்.

மஞ்சக்குட்டை சின்னன் மட்டும் அப்படிச் செய்யவில்லை. சாமையும் காப்பியும் போடுகிற மலைக்காரன். நான் பஸ் ஸ்டாப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பட்டப்பகலில், சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நேராக என் கையில் வைத்தான். கட்டை விரிசல் விட்டுச் செம்புக் கம்பி சுற்றியிருந்த பழைய துப்பாக்கி. கூட அவன் பொண்டாட்டி மாதம்மாள் வந்திருந்தாள்.

“ஏனுங்க ரைட்டரே, திருடனாட்டம் இருட்டுல வெச்சுட்டுப் போவ எனக்கு மனசு வல்லீங்க. உங்களை நம்பித்தானுங்க குடுக்கறேன். நாளைக்கு வம்பு ஒண்ணும் வராதுங்களே?”

“உம்பேரு எங்கயும் வராது. போ சின்னா.”

அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். மாதம்மாள் கும்பிடவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை.

இனி நடந்தது. கோயில் சுவரிலிருந்து அள்ளிவந்த குவியலில் ஒரு நல்ல துப்பாக்கி இருந்தது. யாருடையது என்று தெரியாது. குழாய் கோணலில்லாமல், கட்டை வழவழவென்று, தோளில் வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். அதை உடைக்க அனுப்ப எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைப் பைக்கில் கட்டிக்கொண்டு கிளியூருக்குக் கீழே காப்பித் தோட்டத்து ஓரமாகப் போனேன். பன்றிக்குத்தான். அதை மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். பன்றி சுடுவது குற்றம், கையில் இருந்தது சர்க்கார் பூட்டுக்குள் இருக்க வேண்டிய பொருள். பிடிபட்டால் வேலை போகும். எனக்கு எஸ்.எஸ்.ஐ. ப்ரமோஷன் வரவேண்டிய நேரம் வேறு, தோளில் நட்சத்திரம் ஏறப்போகிறது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். புதர் அசைந்தது, சுட்டேன். புதருக்குள் கனகா இருந்தாள்.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற பெண். லீவு நாளில் விறகு பொறுக்க வந்திருக்கிறாள். ஏற்காடு பஜாரில் எங்கே பார்த்தாலும் சிரிப்பாள். பாவம், நல்ல பெண். சாயங்காலம் துப்பாக்கியைக் கொண்டுவந்து சொத்து அறையில் வைத்துப் பூட்டினேன். குழாயைத் துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். பிறகு வேண்டாம் என்று வைத்துவிட்டேன். எந்தப் பொருளையும் அவசரப்பட்டுச் சுத்தம் செய்யக்கூடாது, பின்னால் தேவைப்படலாம்.

மறுநாள் எஸ்டேட் ஆட்கள் கனகாவின் உடலைப் பார்த்துத் தகவல் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி அறிக்கையில் இரண்டு காயம். ஒன்று தூரத்திலிருந்து, ஒன்று கிட்டத்திலிருந்து. ஆகையால் பன்றிக்கு வைத்த குறி தப்பிய விவகாரம் இல்லை, கொலை என்று இன்ஸ்பெக்டர் முடிவுகட்டினார். யாருக்கு அவள் மேல் பகை என்று விசாரித்தார். சின்னன் தோட்டத்து மிளகை அவள் உருவிவிட்டாள் என்று, அதற்குச் சில நாள் முன்புதான் மஞ்சக்குட்டை பஸ்ஸில் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. “கைய ஒடிச்சுப்புடுவேன் பாத்துக்க” என்று அவன் கத்தியதை பஸ்ஸே கேட்டிருக்கிறது. வாயைக் கட்டத் தெரியாதவன்.

“அவன்கிட்டத் துப்பாக்கி இருக்குதா?” என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

“இருக்குதுங்கய்யா. இன்னும் ஒப்படைக்கலீங்க” என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். சின்னனை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார்கள். ஆனால் துப்பாக்கி இல்லாமல் கேஸ் நிற்காதே. கனகாவைச் சுட்ட துப்பாக்கியைக் கொண்டுபோய்ச் சின்னன் வீட்டுப் பின்னால் வைக்கோல் போருக்குள் நான் செருகினேன். வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சிக்கு நிற்க, அதை வெளியே எடுத்ததும் நான்தான். குழாய் வாயைக் காகிதம் வைத்துக் கட்டி, துணி சுற்றி, அரக்கு வைத்தேன். அவ்வளவு அழகான முத்திரை அதற்கு முன்னால் எனக்கே அமைந்ததில்லை. கைவிலங்கோடு சின்னன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“இது என்னுது இல்லீங்க சாமி. என்னுதை உங்க கையிலதானுங்க குடுத்தேன். ரைட்டரே, நீங்களே சொல்லுங்களேன். ஏனுங்க, பேச மாட்டேங்கறீங்க?”

அரக்கு ஆறிவிடும், மேடம். அந்த வேலையில் பாதியில் நிறுத்திவிட்டுப் பேச முடியாது.

ஆய்வகத்து அறிக்கையைப் பாருங்கள். இந்தத் துப்பாக்கி சுட்டிருக்கிறது, மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு ஒன்று வெடித்துக் காட்டில் கீழே கிடந்ததே, அது இதன் சுத்தியல் அடித்ததுதான் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு எழுத்துப் பொய் கிடையாது. அனுப்பியது சரியான பொருள். மேலே கட்டிய சீட்டில் இருந்த பெயர் மட்டும்தான் வேறு. குவியலில் ஒன்று குறைந்த இடத்துக்குச் சின்னன் என் கையில் கொடுத்து, நான் கணக்கில் ஏற்றாமல் வைத்திருந்ததை வைத்தேன், எண்ணிக்கை நேராகிவிட்டது. அது செம்புக் கம்பியோடு சேலத்துக்குப் போய் உடைபட்டது. சின்னனுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. எனக்கு நட்சத்திரம் வந்தது. வந்த பிறகும் சொத்து அறைச் சாவியை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

மாதம்மாள்தான் விடவில்லை. வாய்தாவுக்கு வாய்தா மலை இறங்கிவந்து கோர்ட் வாசலில் நின்றாள். செம்புக் கம்பி எங்கே, எங்கே என்று கறுப்புக் கோட்டுப் போட்டவர்களையெல்லாம் கேட்டாள். மனு மேல் மனு போட்டு உங்களை இங்கே வரவழைத்ததும் அவள்தானே. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒருநாள் மனசு கேட்காமல் அரிசி மூட்டையை பைக்கில் வைத்து மஞ்சக்குட்டைக்கு எடுத்துப்போனேன். வாசலிலேயே மறித்துவிட்டாள்.

“அரிசி வேண்டாமுங்க. எம்புருசன் உங்க கையில குடுத்தானே, அதைக் கொண்டாந்து குடுங்க.”

எனக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. நல்லதுக்கே காலமில்லை. வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் என் சாட்சி. சின்னன் வீட்டில் எடுத்தது இதுதான் என்று நான் சொன்னால் அவனுக்கு ஆயுள். ஈரத்தில் மாறிவிட்டது என்றால் அவனுக்கு விடுதலை, எனக்குக் கெட்ட பெயர். இரண்டையும் யோசித்துப் பார்த்துத்தான் உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன். அவனை விட்டுவிடுங்கள், மேடம். எனக்கு அவன் மேல் எந்தப் பகையும் கிடையாது.

நீங்கள் கேட்பது புரிகிறது. புதர் அசைந்ததால் சுட்டேன் என்றால், கிட்டத்தில் நின்று சுட்ட இரண்டாவது காயம் எங்கிருந்து வந்தது. ஜன்னல் திரும்பத் திறந்துகொண்டதே, இந்தக் கொக்கி சரியில்லை. இருக்கட்டும்.

முதல் குண்டு இடுப்பில்தான் பட்டது. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது, தெரிந்த ஆள் வந்துவிட்டாரே என்று.

“ரைட்டரண்ணா, நானுங்க, கனகா. பன்னின்னு நெனச்சுட்டீங்களாட்ட இருக்குது. நொம்ப வலிக்குதுங்கண்ணா. நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க. ரோட்டு வரைக்கும் தூக்கி உட்டுருங்க, போதும்.”

சொல்ல மாட்டேன் என்றாளே, அங்கேதான் எனக்கு இடித்தது. சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்குச் சொல்லமாட்டாள், ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டால்?

நாட்டுத் துப்பாக்கியில் அவசரப்பட முடியாது. வெடித்த கேப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழாய் வாயில் மருந்தைக் கொட்ட வேண்டும். தேங்காய் நாரைத் திணித்துக் கம்பியால் இடிக்க வேண்டும். ஈயக் குண்டு, திரும்பவும் நார், திரும்பவும் இடி, கடைசியில் புதுக் கேப்பு. அதுவரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏனுங்கண்ணா, பன்னி திரும்ப வருதுங்களா?” என்று கேட்டாள்.

நான் நாரை இடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அண்ணா, அண்ணா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கிட்டப் போய், குறி பார்த்து, நெஞ்சில் சுட்டேன்.

பேனாவை ஏன் வைத்துவிட்டீர்கள், மேடம்? எழுதுங்கள். என்னை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. சுட்டுவிட்டு ஓடுகிறவர்கள் வேறு. அவள் மூச்சு அடங்குகிறவரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்பிள்ளையைக் காட்டில் தன்னந்தனியாக விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை நான்.