நான்காவது லாரி

தோத்தாத்ரி: இப்ப கேட்டா எனக்குச் சரியா ஞாபகம் இல்ல ஜான்சி. வியாழனா, வெள்ளியா... நான் ஒண்ணு சொல்லி, அது தப்பா இருந்தா?

ஜான்சி: தப்பா இருந்தா பரவால்ல சார். ஸ்கூல் செப்டிக் டேங்க் என்னைக்கு எடுத்தாங்கன்னுதான் கேட்டேன். எக்ஸிபிஷனுக்கு முன்னாடியா, பின்னாடியா?

தோத்தாத்ரி: முன்னாடியாத்தான் இருக்கும். அத ஏன் இப்ப... இந்த ஷேர் ஆட்டோ வருமா, வராதா?

ஜான்சி: பல்லாவரத்துல நின்னுக்கிட்டு பம்மலுக்கு ஆட்டோ வரலன்னு சொல்ற மொத ஆளு நீங்கதான் சார். வந்த மூணுலயும் ஏற மாட்டேன்னுட்டீங்க.

தோத்தாத்ரி: டிரைவர் பக்கத்துல அரை சீட்ல தொங்கிண்டு வரணுமா? எனக்கு அம்பத்தேழு வயசு.

ஜான்சி: செம்பாக்கத்துல முப்பத்தொரு வருஷமா வாத்தியாரா இருக்கீங்க. இந்தப் பக்கம் வந்ததே இல்லையா?

தோத்தாத்ரி: வேலை இருந்ததில்ல.

ஜான்சி: கென்யா மேப்ப மட்டும் போர்டுல பாக்காமலே வரையறீங்க. நம்ம ஸ்கூல் உலகக் குடிமக்கள் மன்றத்துக்குத் தலைவர் வேற.

தோத்தாத்ரி: கிண்டல் பண்ணு. நீ பொறந்த ஊருன்னா உனக்கு ஒசத்திதான்.

ஜான்சி: எழில் ஊரும் இதான் சார். அந்தப் பொண்ணு இருபத்திரெண்டு நாளா ஸ்கூலுக்கு வரல. திங்கக்கிழமை பத்தாவது பப்ளிக்குப் பேர்ப்பட்டியல் போகுது. அதுல அவ பேர் இல்லன்னா இந்த வருஷமே போச்சு. அதுக்கப்புறம் திரும்பி வர மாட்டா. எனக்கு இந்த ஏரியா தெரியும்.

தோத்தாத்ரி: நீ கூப்பிட்டே வராதவ, நான் கூப்பிட்டா வந்துடுவாளா?

ஜான்சி: ரெண்டு தடவ போனேன். கதவத் தொறந்தா. உக்காருங்கன்னா. அதோட சரி... வைஸ் பிரின்சிபால் நீங்க வந்து சொன்னா ஒரு மரியாதைக்காவது பேசுவான்னு.

தோத்தாத்ரி: இந்த மன்றமே நமக்கு வேண்டாம்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும் நான்.

ஜான்சி: நல்லாத்தானே போச்சு. கென்யால அந்த ஸ்கூல் பக்கம் ஒரு ஏரி, நம்ம ஸ்கூல் பக்கம் ஒரு ஏரி. ஒரு மாசம் அவங்கவங்க ஏரில என்னென்ன கலக்குதுன்னு பாத்துப் பட்டியல் போடணும். அத அங்க இங்க மாத்தி அனுப்பிக்கணும்.

தோத்தாத்ரி: நான் நெனச்சது வேற. நாலு நாட்டுக் கொடி, ஒரு பாட்டு, ரெண்டு மரக்கன்னு...

ஜான்சி: அச்சியெங்கோட லெட்டர் வரலன்னா அதோடதான் முடிஞ்சிருக்கும்.

தோத்தாத்ரி: அந்த கென்யா பொண்ணு... அவ மாமாவப் பத்தி எழுதியிருந்தாளே.

ஜான்சி: ஆமா. எங்க ஏரில ஆயில் மிதக்குது, எங்க மாமா ஏரிக்குள்ளயே வண்டிய நிறுத்திக் கழுவறாரு, சனிக்கிழமைல பைப் பிடிச்சு நிக்கறது நான்தான்னு எழுதியிருந்தா. க்ளாஸ்ல படிச்சுக் காட்டினேன். நிகில் மட்டும், ‘சொந்த மாமாவயா மிஸ்?’னு கேட்டான்.

தோத்தாத்ரி: அத கேட்டுத்தான் எழிலும் அவ அப்பா லாரி நம்பர எழுதிட்டா. சின்னப் பொண்ணு. ஒருத்தியப் பாத்து இன்னொருத்தி...

ஜான்சி: ஆட்டோ வருது. பின்னாடி எடம் இருக்கு. ஏறுங்க சார்.

தோத்தாத்ரி: அந்தப் பையை இப்படிக் குடு. மடியில வெச்சுக்கறேன்.

ஜான்சி: ...அவளா எழுதல சார்.

தோத்தாத்ரி: ம்?

ஜான்சி: பட்டியல் எடுத்த கடைசி நாள், வெள்ளிக்கிழமை காலைல, க்ளாஸ்ல ஸ்ம்ருதிதான் ஏரிக்கரைல நிக்கணும். அவளுக்குக் காய்ச்சல்னு எழில் போனா. ஏழரைக்கு செப்டிக் டேங்க் எடுக்கற லாரி ஒண்ணு வந்து, கழிவ ஏரில தொறந்து விட்டுட்டுப் போயிருக்கு. ஏற்கெனவே மூணு லாரிக்கு நம்பர் எழுதியிருந்தாங்க. நாலாவதுக்கு நேரத்தப் போட்டுட்டு, நம்பர் எடத்தக் காலியா விட்டிருந்தா. கேட்டேன். பாக்கலன்னா. பாக்கலயா, எழுதலயான்னேன்.

தோத்தாத்ரி: டீச்சர்னா கேக்கத்தான் செய்வோம்.

ஜான்சி: அதோட விட்டிருக்கலாம். ‘கென்யால ஒருத்தி அவ மாமாவ எழுதினாளே’ன்னேன். அரை மணி நேரம் பெஞ்சுலயே உக்காந்திருந்தா. அப்புறம் எழுதிக் குடுத்தா. ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவ எடுத்து எடுத்து... அத பாத்தும் எனக்கு உறைக்கல. யார் வண்டின்னு கேக்கல.

தோத்தாத்ரி: உனக்கு எப்படித் தெரியும்?

ஜான்சி: தெரிஞ்சிருக்கணும் சார். தினம் அந்த லாரிலதான் ஸ்கூலுக்கு வந்து எறங்குவா. கேஷவ்வும் அவனுங்களும் மூக்கப் பொத்திக்குவானுங்க. அவ கண்டுக்கவே மாட்டா. அப்பாவுக்குக் கை காட்டிட்டு உள்ள வருவா. அன்னைக்கு மட்டும் பஸ்ல போன்னாராம். மக ஏரிக்கரைல நிப்பான்னு அவருக்குத் தெரியாது.

தோத்தாத்ரி: எக்ஸிபிஷன்ல மாட்டின அந்தப் பட்டியல் சார்ட்டை போட்டோ எடுத்தது யாரு?

ஜான்சி: யாரோ ஒரு பேரண்ட். நல்லதுன்னு நெனச்சுத்தான் காலனி வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருப்பாங்க. திங்கக்கிழமை கார்ப்பரேஷன்காரங்க வண்டியப் புடிச்சிட்டாங்க. நாலு வண்டில அந்த ஒண்ணுதான் மாட்டிச்சு. ஓனர் எழில் அப்பா சின்னப்பன வேலைய விட்டு நிறுத்திட்டாரு.

தோத்தாத்ரி: இந்த ஆட்டோ ஏன் இப்படிக் குலுங்கறது?

ஜான்சி: ரோடு அப்படி... அந்த மனுஷன் ஏரில விட்டதே இல்லையாம் சார். ஓனரே சொல்றாரு. எவ்ளோ தூரம் ஆனாலும் சுத்திகரிக்கிற எடத்துக்குப் போய்த்தான் விடுவாராம். மத்த டிரைவருங்க லூசுன்னு ஓட்டுவாங்களாம். அன்னைக்கு மட்டும் ஏன்யான்னு கேட்டா வாயத் தொறக்கலயாம்.

தோத்தாத்ரி: அவசரமா இருந்திருக்கும்.

ஜான்சி: அதான் உங்களக் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலைல அவர் யாரோட டேங்க்க எடுத்தாருன்னு.

தோத்தாத்ரி: அந்த ஏரியைச் சுத்தி ஆயிரம் வீடு இருக்கு ஜான்சி. ஆயிரம் டேங்க் இருக்கு.

ஜான்சி: இருக்கு சார்.

தோத்தாத்ரி: மறுநாள் எக்ஸிபிஷன்ல நான் மேடைல பேசினேன் இல்ல?

ஜான்சி: இருபது நிமிஷம். தண்ணிக்கு எல்லைக்கோடு கெடையாதுன்னீங்க.

தோத்தாத்ரி: நல்லா பேசினேனா?

ஜான்சி: கை தட்டினாங்க. எழிலும் தட்டினா. மொத வரிசைல இருந்தா... எறங்குங்க சார். மாவு மில்லுக்குப் பின்னாடி, அந்தப் பச்சக் கதவு.

தோத்தாத்ரி: நீ மட்டும் போயிட்டு வாயேன். நான் இங்கயே நிக்கறேன்.

ஜான்சி: இவ்ளோ தூரம் வந்துட்டா?

தோத்தாத்ரி: முட்டி வலிக்கறது.

ஜான்சி: பத்தடிதான் சார்... எழில். எழில், நான்தான்.

எழில்: வாங்க மிஸ். ...சார். உள்ள வாங்க சார். வூட்ல ஒரு சேர்தான் கீது, நீங்க உக்காருங்க. மிஸ் பாய்ல குந்திக்குவாங்க.

ஜான்சி: அப்பா இல்லையாம்மா?

எழில்: தண்ணி கேன் போடப் போய்க்கீறாரு. ராவாயிடும்.

தோத்தாத்ரி: நல்லா இருக்கியாம்மா?

எழில்: கீறேன் சார்.

ஜான்சி: திங்கக்கிழமை பேர்ப்பட்டியல் போகுது எழில்.

எழில்: தெரியும் மிஸ். நம்ம க்ளாஸ் மாளவிகா போன் பண்ணா.

ஜான்சி: வந்துடு. உன் மேல தப்பு இல்ல. எழுத வெச்சது நான். எல்லார் முன்னாடியும் அதச் சொல்றேன். உங்க அப்பாகிட்டயும் சொல்றேன்.

எழில்: நீங்க கேட்டீங்க. எழுதனது நானு. அதுக்கு அப்பா என்ன ஒரு வார்த்த திட்டல. ‘நீ பாத்தத எழுதன, வுடு’ன்னுட்டாரு.

ஜான்சி: பின்ன ஏன் வர மாட்டேங்கற?

எழில்: அச்சியெங்குக்கு லெட்டர் எழுதினுகீறேன் மிஸ். அது முடிய மாட்டேன்னுது. நம்ம பட்டியல் வந்தப்புறம் எல்லாருக்கும் இன்னா ஆச்சுன்னு கேட்டுது. அது லெட்டர மாளவிகாதான் போன்ல அனுப்ச்சா. மொதல்ல தமிழ்ல எழுதி வெச்சிக்கினு அப்புறம் இங்கிலீஷ்ல மாத்தலாம்னு...

ஜான்சி: படிக்கறியா?

எழில்: சார் கீறாரே.

தோத்தாத்ரி: படிம்மா.

எழில்: தப்பு இருந்தா திருத்தாதீங்க சார். ‘அன்புள்ள அச்சியெங், நீ கேட்டதற்குப் பதில் இது. லாரி இன்னும் மாநகராட்சி அலுவலக வாசலில் நிற்கிறது. மற்ற மூன்று லாரிகளும் ஏரிக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அப்பா தண்ணீர் கேன் போடுகிறார். அம்மா பை தைக்கும் இடத்துக்கு வேலைக்குப் போகிறார். எங்கள் மிஸ் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். பேசாமல் போனார். மிஸ் பாவம். நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா மீது கோபம் இல்லை, யார் மீதும் இல்லை. நாங்கள் போட்ட பட்டியல் அரைகுறையாக இருக்கிறது. நேரம் எழுதினோம், லாரி நம்பர் எழுதினோம். அது யாருடைய டேங்க், அங்கே விடச் சொன்னது யார் என்று ஒரு கட்டம் போடவில்லை. எல்லோரும் ஓட்டியவரைத்தான் பார்த்தார்கள். அந்தக் கட்டத்தை...’ இத்தோட நிக்குது மிஸ்.

ஜான்சி: அப்பாவக் கேட்டுப் பாத்தியா?

எழில்: டெய்லி கேக்கறேன். சொல்ல மாட்டேன்றாரு. ‘உன்ன ஃபீஸ் இல்லாம சேத்துக்கினவங்கம்மா, கம்முனு கெட’ன்றாரு.

ஜான்சி: சார்.

தோத்தாத்ரி: ...பேனா வெச்சிருக்கியாம்மா? எழுதிக்கோ. நம்ம ஸ்கூல் டேங்க்தான். எக்ஸிபிஷன் வர நேரத்துல பொங்கி வழிஞ்சுடுத்து. கெஸ்ட் வர்றா, நாத்தம் வரக் கூடாதுன்னு உங்க அப்பாவைக் கூப்பிட்டேன். ரெண்டு லோடு ஆகும், தூரமா போய்ட்டு வரணும், சாயங்காலம் வரைக்கும் இழுக்கும்னார். ஏரி பக்கத்துலதானே இருக்குன்னேன். அதுல விட மாட்டேன் சார்னு ரெண்டு தடவை சொன்னார். நான் சத்தம் போடலை. உன் பொண்ணு எங்க ஸ்கூல்லதானே படிக்கறான்னு மட்டும் கேட்டேன். அதுக்கப்புறம் அவர் லாரியை ஏரிப் பக்கம் திருப்பினார்.