தாளத்துக்கு அடியில் ஒரு குரல்

– கையை எடுங்கப்பா. நிறுத்தாதீங்க. முழுசா கேட்டுட்டு அப்புறம் பேசுங்க.

– ஞாயித்துக்கிழமையும் அதுவுமா சாப்பாட்டு மேசையில இதென்னடி இழவுச் சத்தம், டம்மு டம்முன்னு? மேவிஸ், உன் பொண்ணுகிட்ட சொல்லி வை. இறைச்சி ஆறிப்போகுது.

– லோர்னா, கண்ணு, அப்பா சாப்பிடட்டும். பாட்டை அப்புறம் போட்டுக்கலாம்.

– இது வெறும் பாட்டு இல்லம்மா. மூர்லைட் இசைக்குழுவோட பழைய பாட்டையெல்லாம் ஆளுக்கு ஒண்ணாக் கொடுத்து, ரீமிக்ஸ் பண்ணச் சொல்லி ஒரு ஆல்பம் போடறாங்க. அதுல ஒண்ணு எனக்கு வந்திருக்கு.

– வேனுக்குள்ளயே குடித்தனம் நடத்துமே, அந்த அழுக்குக் கும்பலா?

– அவங்கதான். எனக்கு வந்தது ‘குவாரி’ங்கிற பாட்டு. கடல் மூச்சு விடற மாதிரி மெதுவாப் போகும். அடியில ஏதோ ஊளையிடற மாதிரி இருக்கும். எல்லாரும் அதைக் காத்துன்னு நினைச்சிட்டிருக்காங்க. ரீமிக்ஸுக்காக ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியா அனுப்பினாங்க. மத்ததை நிறுத்திட்டு அதை மட்டும் போட்டுக் கேட்டேன். காத்து இல்லப்பா.

– சுத்தி வளைக்காதே. புரியற மாதிரி சொல்லு.

– பிளாக்தார்ன் குவாரியில ராத்திரி பூரா ஆடின பசங்களை நீங்க உங்க போலீஸ் படையோட போய்க் கலைச்சீங்களே, அன்னிக்கு யாரோ டேப்பை ஓடவிட்டு, அதையே பாட்டுக்கு அடியில சேர்த்திருக்காங்க. தடி விழற சத்தம் இருக்கு. அந்தப் பசங்கள்ல ஒருத்தன், டீன் ஆக்ராய்ட், ‘என் கண்ணு, என் கண்ணு’ன்னு அலறறான். அதுக்கு மேல ஒரு குரல்.

– அவன் வேன் கூரையிலேர்ந்து விழுந்தான். அப்படித்தான் கண்ணு போச்சு. விசாரணை முடிஞ்சு தீர்ப்பும் சொல்லியாச்சு. புரியுதா?

– விழுந்து கிடக்கறவன்கிட்ட எவராவது ‘நான் பேசும்போது என் மூஞ்சியைப் பாருடா’ன்னு சொல்வாங்களா?

– அன்னிக்கு அங்க ஒரு படையே இருந்துச்சு. எவனோ சொல்லியிருப்பான்.

– நான் இந்த வீட்டுல வளர்ந்தவ. ஊரே கூடிக் கத்தினாலும் அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

– ஏண்டி, ஒரே மாதிரிக் குரல் ரெண்டு பேருக்கு இருக்காதா? அப்பா போலீஸ் வேலையை விட்டு, இப்பத்தான் நிம்மதியா தோட்டத்துல பட்டாணி போட்டுக்கிட்டு இருக்கார். அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துடு, கண்ணு. பாட்டு கெட்டா போயிடும்?

– எடுத்துடறேம்மா. ரீமிக்ஸை நாளைக்குத்தான் கொடுக்கணும். ஆனா அப்பா இன்னிக்கே என்னோட டீன் வீட்டுக்கு வரட்டும். ‘நான்தான் அடிச்சேன்’னு அவன்கிட்ட சொல்லட்டும். அது போதும்.

– என்னை மிரட்டறியா? என் சோத்தைத் தின்னுட்டு என்னையே மிரட்டறியா? பாட்டிலை வீசி என் ஆளு ஒருத்தன் தாடையை உடைச்சானுங்க. அதுக்கு எவனாவது பாட்டுக் கட்டினானா?

– டீன் எதையும் வீசல. வேன்ல தூங்கிட்டிருந்தான். காலைப் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டீங்க. இதோ வருது, கேளுங்க...

– நிறுத்துடி!

– ஐயோ, ஏங்க! மெஷினைத் தூக்கி இப்படியா அடிப்பாங்க! கண்ணாடி, குழம்பு எல்லாம் தரையில... லோர்னா, காலைப் பார்த்து வை!

– நல்லா உடைங்க. அது நகல். அசல் என் வீட்டுல இருக்கு.

– இருக்கட்டும். இனிமே நீ எந்த விரலால பொத்தானைத் தட்டறேன்னு பார்க்கறேன்.

– அப்பா, விடுங்க! வலிக்குது! அப்பா!

– விடுங்க, ஒடிஞ்சிடும்! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், ரோலண்ட்!

– குறுக்க வராதே மேவிஸ். தள்ளிப் போன்னா!

– அம்மா! அம்மாவை ஏன் தள்ளினீங்க? அடுப்பு முனையில இடிச்சு நெத்தி பொளந்திருக்கு, பாருங்க!

– அங்க என்னடி பார்வை? இங்க பாரு. நான் பேசும்போது என் மூஞ்சியைப் பாருடி!... என்ன? ஏன் ரெண்டு பேரும் அப்படி முறைக்கறீங்க?

– அவ கையை விடுங்க.

– மேவிஸ், அந்தக் கத்தியைக் கீழ வை. அது இறைச்சி அறுக்கற கத்தி. பதமா இருக்கும்.

– பதம் எனக்குத் தெரியும், நான்தான் தீட்டினேன். கையை விடுங்க. ம். இப்ப கோட்டை எடுத்துக்கிட்டு வெளிய போங்க.

– உனக்கு ரத்தம் கொட்டுதே... நான் வேணும்னு தள்ளல...

– போங்கன்னேன்.

...

– போயிட்டார்ம்மா. கத்தியைக் கொடு. உக்காரு. இந்தத் துணியை நெத்தியில அழுத்திப் பிடி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

– என்னை விடு. உன் விரலைக் காட்டு. அசையுதா?

– ரெண்டு விரல் அசையல. வீங்கிடுச்சு. அம்மா, நீ சொன்ன மாதிரியே அந்தச் சத்தத்தை எடுத்துடறேன். நாளைக்கும் நீதான் அவரோட இருக்கணும்.

– எடுக்காதே.

– என்னம்மா சொல்றே?

– தாளத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சு வை, கண்ணு. உங்கப்பா பேசறது தெளிவாக் கேக்கட்டும்.