நீர்ச்சறுக்குக் கோபுரத்தின் கைப்பிடிக் குழாய் குறித்து காளியப்பன் கூறியது

எனது பெயர் காளியப்பன், த/பெ லிங்கப்பன், வயது 53, கட்டடப் பொறியாளர். மைசூரு விஜயநகரில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் ஹனூர். கன்னடம் தெரிந்திருந்தும் தமிழில்தான் பிசகில்லாமல் சொல்ல வரும் என்று நான் கேட்டுக்கொண்டபடி இது தமிழில் பதிவாகிறது.

மேற்படி கோபுரம் உள்ள கேளிக்கைப் பூங்காவில் பதினொரு வருடமாகப் பராமரிப்பு என் பொறுப்பு. 2021இல் நீர்ச்சறுக்குக் கோபுரம் கட்டும்போது, குளோரின் தண்ணீர் நாள் முழுக்கத் தெறிக்கும் இடம், மழைக்காலத்தில் ஈரம் காயாது, ஆகவே கைப்பிடிக்குச் சாதாரண இரும்புக் குழாய் கூடாது, துத்தநாகத்தில் முக்கியெடுத்த குழாயோ ஃபைபரோ வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவரும் எனக்கு வரவேண்டிய மேனேஜர் பதவியில் அமர்ந்தவருமான பசவராஜ் அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, "காளியப்பன் அவரே, நாம பார்க் கட்டறோமா, கப்பல் கட்டறோமா? வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பெயின்ட் அடிக்கத்தானே போறோம்" என்றார். நான் வேலை கற்றுக்கொடுத்தவர்களும் சிரித்தார்கள். சாதாரண இரும்பே போடப்பட்டது. அதன் பின்பு அதைப் பற்றி நான் எழுதவில்லை.

அதன் பின்பு ஒவ்வொரு தசராவுக்கு முன்பும் துருவைச் சுரண்டாமல், ஈரத்தின் மேலேயே பெயின்ட் அடித்தார்கள். முதலில் பெயின்ட், பிறகு பரிசோதனை என்பது அங்கே வழக்கம். ஆகவே நான் பரிசோதித்தது பெயின்டைத்தான். நான்கு முறை 'நல்ல நிலை' என்று கையெழுத்திட்டேன்.

19.09.2025 காலை எட்டரை மணிக்குத் துப்புரவுப் பணியாளர் சொர்ணலதா, வயது 38, கோபுரத்தின் மேல்தளத்துக்கு என்னை அழைத்துப் போய், "சாரு, இந்தக் கம்பி ஆட்டங் குடுக்குதுங்க. அடியில பெயின்டு உப்பிக்கிட்டு நிக்குது பாருங்க" என்றார். கட்டைவிரலால் அழுத்தினேன். பெயின்ட் உள்வாங்கிப் பழுப்புத் தண்ணீர் வந்தது. மேனேஜரிடம் சொல்லச் சொன்னேன். "நாஞ் சொன்னா கேப்பாருங்களா? போன வாட்டி, பெருக்க வந்தவ பெருக்குன்னு சொல்லிப்போட்டாருங்க" என்றார்.

படியைச் சங்கிலி போட்டு மூடும் அதிகாரம் எனக்கு இருந்தது. அன்று பதினொரு மணிக்கு முதலாளிகள் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்கள் கண்முன் அந்தக் குழாய் ஆட வேண்டும், பசவராஜ் பதில் சொல்ல முடியாமல் நிற்க வேண்டும் என்று நினைத்து மூடாமல் விட்டேன். சொர்ணலதா, "அப்ப நான் இங்க கழுவி உட்டறட்டுங்களா?" என்று கேட்டார். "கழுவு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அதன் பின்பு ஒன்பது மணி சுமாருக்குச் சத்தம் கேட்டு ஓடினேன். குழாய் அடியோடு முறிந்து, பதினைந்து அடிக்குக் கீழே கான்கிரீட்டில் சொர்ணலதா கிடந்தார். துடைப்பக் கட்டை கையிலேயே இருந்தது.

முதல் வாக்குமூலத்தில் என் பழைய கடிதத்தை மட்டும் கொடுத்தேன். அதன் பின்பு மருத்துவமனையில் அவர் கணவர் பழனிமுத்து, "நீங்க ஒருத்தர்தான் வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்களாமா" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சொர்ணலதாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவர் அஜாக்கிரதையாகக் கம்பியில் சாய்ந்ததால் விழுந்தார் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்திருப்பது பொய். நான் நிற்கச் சொன்ன இடத்தில்தான் அவர் நின்றார்.

இது யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்னது. வாசித்துக் காட்டப்பட்டது, சரியாக உள்ளது. முதல் வாக்குமூலத்தில் இதை மறைத்தவனும் நானே.

(ஒப்பம்) லி. காளியப்பன்