எதிரணிக்குப் போகும் எம் உடற்கல்வி இயக்குநருக்கு

பந்து உருளும் திசையைப் பந்துக்கு முன்னரே அறிந்தவரே! வெயிலென்றும் மழையென்றும் வேறுபாடு பாராது வெண்கோட்டின் விளிம்பில் நின்றவரே! விசிலால் விளித்து, விழியால் திருத்தி, விரலசைவால் வேகத்தை அடக்கி ஆண்டவரே! கல்லும் கரடுமாய்க் கிடந்த கட்டாந்தரையைக் கால் கூசாத களமாக்கிய கருமவீரரே! முப்பத்தோராண்டுப் பணியை முடித்து இன்று மாலை எம்மிடம் விடைபெற்று, வரும் திங்களன்று பாலத்துக்கு அப்பாலுள்ள கல்லூரியில் கால்பந்துப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்கவிருக்கும் பெருந்தகையீர்! வணக்கம்.

இத்தகைய மடல்கள் பிரிவின் வருத்தத்தில் எழுதப்படுவது வழக்கம். இம்மடல் அச்சத்தில் எழுதப்படுகிறது. வருத்தமும் உண்டு, அதற்கு இப்போது நேரமில்லை. புதிய பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு ஐந்து வாரங்களே உள்ளன. அன்று எம்மை எதிர்த்து ஆடப்போகும் அணியின் ஓரத்தில் தாங்கள் நிற்பீர்கள்.

கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டப்படும் மடலில் இதையெல்லாம் எழுதலாமா என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் வினவினார். பயத்தை மறைத்து எழுதினால் அது தங்களோடு பணியாற்றியவர்கள் எழுதிய மடலாக இராது என்று கூட்டம் முடிவு செய்தது. முடிவு ஒருமனதானது. அதற்குக் காரணமும் அச்சமே.

களத்தைக் காத்த காவலரே!

நிலைமையைத் தாங்கள் நன்கறிவீர்கள். அவையோரின் பொருட்டுச் சொல்கிறோம். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் இவ்வாண்டு புதிய விதியொன்று வந்துள்ளது. கடைசி இடம் பெறும் அணி முதற்பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்படும். சென்ற ஆண்டு கடைசியில் நின்றது பாலத்துக்கு அப்பாலுள்ள கல்லூரி. அதற்கு ஒரே படி மேலே, மூச்சு வாங்க நின்றது நம் கல்லூரி. ஆகவே தள்ளப்படப்போவது இவ்விருவருள் எவர் என்பதை முதல் ஆட்டமே ஏறக்குறையச் சொல்லிவிடும். நாம் தள்ளப்பட்டால் அணி கலைக்கப்படும் என்றும், களம் வேறு பயனுக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்றும் நிர்வாகம் தெரிவித்துள்ளது. இதை அறிவித்தபோது முதல்வர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆயினும் ‘வாகன நிறுத்துமிடம்’ என்னும் சொல் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது.

இத்தகைய நேரத்தில் தாங்கள் அங்குச் செல்வது ஏன் என்று கேட்போர் உளர். ஓய்வு பெற்றவரை மீண்டும் பணியமர்த்த நம் கல்லூரியின் விதி இடந்தரவில்லை. அவர்களின் விதி இடந்தந்தது. எஞ்சிய விளக்கத்தைத் தங்கள் துணைவியார் அளித்துள்ளார். அவரும் இவ்வவையில் இருப்பதால் அவர் சொற்களை அவ்வாறே தருகிறோம்: “இவர் வீட்டுல சும்மா உக்காந்தா, என்னையும் பக்கத்து வீட்டுக்காரங்களையும் ரெண்டு டீமா பிரிச்சு விட்டுருவாரு. எங்கயாவது வேலைக்குப் போங்கன்னு நான்தான் சொன்னேன். எங்கன்னு கேக்காம விட்டேன் பாருங்க, அதுதான் என் தப்பு.”

அம்மையீர், தங்கள் மீது எமக்குச் சிறிதும் வருத்தமில்லை. சிறிது உண்டு, அது காலப்போக்கில் தணியும்.

உள்ளம் அறிந்த உத்தமரே!

தங்கள் சிறப்புகளைச் சொல்ல வேண்டிய இடம் இது. பெற்ற கோப்பைகள் அலமாரியில் உள்ளன, துடைத்தால் தெரியும். அவற்றினும் அரியதாய் எமக்குத் தோன்றுவது தங்கள் வழக்கமொன்று. ஆண்டுதோறும் அணிக்குப் புதிதாய் வரும் ஒவ்வொருவனையும் தனியே மூலைக்கொடிக்கு அருகில் அழைத்துச் செல்வீர்கள். வேகம் எவ்வளவு, எக்காலில் அடிப்பான், முன்பு எங்கு ஆடினான் என்று எதையும் கேட்பதில்லை. “எதுக்குப்பா பயப்படுவ?” என்ற ஒரே கேள்விதான். உண்மையான விடை வரும்வரை அவ்விடத்தை விட்டு அசையமாட்டீர்கள். சிலர் அரை நிமிடத்தில் சொல்வர். ஒருவன் இருட்டும்வரை சொல்லாமல், மறுநாள் தானாக வந்து சொன்னான். கேட்டதை எவரிடமும் தாங்கள் கூறியதில்லை. அப்பயத்துக்கு ஏற்ற பயிற்சியை மட்டும், அவனுக்கே தெரியாமல், அளந்து அளித்தீர்கள்.

ஆகையால் இன்றைய அணியின் ஒவ்வோர் அச்சமும் உலகில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் பாலம் கடந்து போகிறார்.

பொறுப்பை ஒப்படைத்த பெரியீர்!

தங்கள் இடத்துக்குப் புதியவரை அமர்த்த அனுமதி இன்னும் வரவில்லை. அதுவரை அணியைப் பார்த்துக்கொள்வது யார் என்று ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் கேட்ட நொடியில், நம் நூலகர் கையை உயர்த்தினார். மின்விசிறியைச் சற்றுக் குறைக்கச் சொல்வதற்காகவே உயர்த்தினார் என்பது பின்னர் தெரியவந்தது. அதற்குள் கைதட்டல் முடிந்திருந்தது, மின்விசிறியும் குறைக்கப்படவில்லை. மறுக்கும் வழக்கமில்லாத அந்நல்லவர் அன்று மாலையே ஆட்ட விதிநூலோடு களத்துக்கு வந்து, தங்களுக்குப் பின்னால் இருந்த மரப்பலகையில் அமர்ந்தார். ஒவ்வொரு முறை பந்து ஓரக்கோட்டைத் தாண்டியபோதும் அந்நூல் அவர் முகத்துக்கு நேராக உயர்ந்ததை நாங்கள் கண்டோம். படிக்கிறார் என்று எண்ணிக்கொண்டோம்.

தங்கள் புதிய பணி பற்றிய செய்தி மறுவாரம் வெளியானது. அன்று மாலை பயிற்சிக்கு வந்த வீரர்கள் காலணி நாடாவைக் கட்டாமல் கோல்கம்பத்தின் அருகே குவியலாய் நின்றனர். நடந்ததை அவர்கள் அனைவரின் ஒப்புதலோடும் இங்குப் பதிகிறோம்.

முதலில் வாய் திறந்தவன் அணித்தலைவன். களம் முழுவதையும் வேலை வாங்குவதால் மேஸ்திரி என்று அழைக்கப்படுபவன்.

“சார், பாலத்துக்கு அந்தப் பக்கம் போறீங்களாமே?”

“ஆமாடா.”

“நம்ம முதல் மேட்ச்சே அவங்களோடதான் சார்.”

“தெரியும். எனக்கும் படிக்கத் தெரியும்ல.”

அடுத்துக் கேட்டவன் கோல்கீப்பர். அகன்ற தோளினன், பட்டப்பெயர் கதவு. “அப்ப மூலைக்கொடிகிட்ட நாங்க சொன்னதெல்லாம்?”

சொல்லமாட்டேன் என்று ஒரே ஒரு சொல் தாங்கள் அப்போது உரைத்திருந்தால், கல்லூரியே அன்று நிம்மதியாக வீடு திரும்பியிருக்கும். தாங்கள் உரைக்கவில்லை. பொய் சொல்லி எவரையும் தேற்றிப் பழக்கமில்லாதவர் தாங்கள்.

“வாயத் திறந்து சொல்லமாட்டேன்டா. ஆனா அங்க ஒருத்தன் பந்தோட உன் முன்னாடி வந்து நிக்கிறப்ப, என் கண்ணு காட்டிக் குடுத்துரும். தெரிஞ்சதத் தெரியாத மாதிரி நிக்க எனக்கு வராது. தோக்கறதுக்குன்னு எவனும் ஆள் எடுக்கறதும் இல்ல.”

“அப்ப எங்க கதி?” என்றான் முன்கள வீரன். மெலிந்த உடலும் சட்டென்று மூளும் சினமும் அவனுக்குத் தீக்குச்சி என்னும் பெயரைப் பெற்றுத் தந்தவை.

“எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தாத்தான்டா அது உங்களுக்கு ஆபத்து. இவன் எதுக்குப் பயப்படுவான்னு உங்க எல்லாருக்கும் தெரிஞ்சா, அவன் தடுமாறுறப்ப எவனாவது ஒருத்தன் பக்கத்துல வந்து நிப்பான்ல? இப்பவே சொல்லுங்க. இங்கயே, எல்லார் முன்னாடியும்.”

கோல்வலையைக் காற்று அசைத்தது. வீரர்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டனர்.

“நீ சொல்றா.”

“நீதானடா கேப்டன், நீ ஆரம்பி.”

“கேப்டன்னா டாஸ் போடத்தான். அழறதுக்கு வேற ஆளப் பாரு.”

அப்போது மரப்பலகையில் இருந்த நூலகர் கையை உயர்த்தினார். இம்முறை அங்கு மின்விசிறி இல்லை. “நான் டீம்ல இல்லதான். இருந்தாலும் சொல்லிடறேன். எனக்குப் பந்துன்னாலே பயம். என் பக்கமா வந்தா கண்ண மூடிக்குவேன். இந்த புக்கு அதுக்குத்தான்.”

தீக்குச்சி அவர் பக்கம் திரும்பினான். “சார், நீங்கதான் எங்களுக்கு இனிமே கோச்சு.”

“தெரியும்பா. அதுக்கும் சேத்துத்தான் இந்த புக்கு.”

யார் முதலில் சிரித்தார் என்பது தெரியவில்லை. சிரிப்பு அடங்கியதும் கதவு தன் கையுறைகளைக் கழற்றிக்கொண்டே பேசினான். “பந்து என்கிட்ட வர்றப்ப எனக்குப் பயம் இல்லடா. அந்தப் பக்கம் போயிருச்சுன்னாதான். சும்மா நிக்கிறப்ப, நான் விட்ட கோலு எல்லாம் ஒண்ணொண்ணா வந்து முன்னால நிக்கும்.” மேஸ்திரி தரையைப் பார்த்துச் சொன்னான்: “நான் கத்துறேன்ல, அதுல பாதி என்ன பண்றதுன்னு தெரியாம கத்துறது. வாய மூடுனா கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயம்.” தீக்குச்சிக்குத்தான் நேரமாயிற்று. பள்ளி நாளில் ஒரு பெனால்டியை அவன் வெளியே அடித்தானாம். பார்க்க வந்திருந்த அவன் தந்தை ஒரு சொல்லும் பேசாமல், வீடு வரும்வரை திரும்பியும் பாராமல், முன்னால் நடந்தே போனாராம். “இன்னிக்கும் பெனால்டி அடிக்கப் போனா எனக்குக் கோலு தெரியாது. அப்பா முதுகுதான் தெரியும்.”

மற்றவர்களும் சொன்னார்கள். அனைத்தையும் எழுதினால் சட்டத்துக்குள் அடங்காது.

இறுதியில் மேஸ்திரி தங்களிடம் கேட்டான்: “நீங்க சார்? உங்களுக்கு எதுக்குப் பயம்?”

தாங்கள் குனிந்து மஞ்சள் கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். நிமிராமலே விடை கூறினீர்கள்: “உங்கள ஜெயிச்சிருவேனோன்னுதான்டா.”

உண்மை உரைத்த உரவோரே!

அதன்பின் அணியின் நிலை என்ன என்பதைத் தங்களிடம் மறைப்பதில் பயனில்லை. பந்து மறுபக்கம் போகும்போதெல்லாம் பின்களத்தான் ஒருவன் கதவிடம் எதையாவது பேசிக்கொண்டேயிருக்கிறான்; பெரும்பாலும் அவன் காலணிகளைப் பற்றி இழிவாகப் பேசுகிறான். கதவு பழைய கோல்களை மறந்து அவனைத் திட்டுகிறான். இது பயிற்சி முறையா என்று நூலகர் விதிநூலில் தேடினார், தடையேதும் இல்லையாம். தீக்குச்சி அடித்த இரண்டு பெனால்டிகளில் ஒன்று வலையில் விழுந்தது. மற்றது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. திரும்பியபோது பத்துப் பேரும் அவனை நோக்கி ஓடிவந்தனர். மேஸ்திரி இப்போது “தெரியலடா, நீயே பாத்து அடி” என்றும் கத்துகிறான். இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் பட்டம் பெற்றுப் போய்விட்டமையால் அவ்விடம் திறந்தே கிடக்கிறது. அதைத் தாங்கள் எம்மினும் நன்கறிவீர்கள் என்பதால் அப்பக்கம் பார்ப்பதையே தவிர்த்து வருகிறோம். மொத்தத்தில், அச்சம் குறையவில்லை, பங்கிடப்பட்டிருக்கிறது. ஆளுக்குக் கிடைத்த பங்கும் சிறிதன்று.

இவ்விடத்தில் முதலில் வேறொரு பத்தி இருந்தது. அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் தாங்கள் சற்றே கண்ணயர வேண்டும் என்று வேண்டும் பத்தி அது. வரைவை வாசித்தபோது எவரும் மறுக்கவில்லை. ஒவ்வொருவர் மனத்திலும் இருந்ததையே அது சொன்னது. வேதியியல் ஆசிரியர் மட்டும், “ஒரே ஒரு மேட்ச்தானே, சார் கொஞ்சம் கண்டுக்காம இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?” என்று வாய்விட்டும் கூறினார்.

நூலகர் மெல்லச் சொன்னார்: “அப்படி ஜெயிச்சா, நாம ஜெயிச்சமா, அவரு விட்டுக் குடுத்தாரான்னு இந்தப் பசங்க காலம் பூரா யோசிச்சிட்டே இருப்பாங்க. அவரும்தான். அந்த மனுஷனுக்கு இருக்குற பயம் போதாதா?”

அப்பத்தி நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக இதை எழுதுகிறோம். 

ஐயா, எம்மை வெல்ல முயலுங்கள். தங்களுக்குத் தெரிந்த அனைத்தையும் கொண்டு முயலுங்கள். இடப்பக்கம் திறந்து கிடந்தால் அவ்வழியே ஆளை அனுப்புங்கள். தங்கள் கண் எதையேனும் காட்டிக்கொடுத்தால் கொடுக்கட்டும். அதைத் தாழ்த்தி நிற்க வேண்டாம். வென்றால் ஓரக்கோட்டில் தலைகுனிந்து நிற்கவும் வேண்டாம். தங்கள் பிள்ளைகளாகிய அந்த அணியினரோடு சேர்ந்து கைதட்டுங்கள். அதன்பின் இந்தக் களம் வண்டிகளால் நிரம்புமாயின், அப்பழியைத் தங்கள் மீது சுமத்தும் எவரும் இக்கல்லூரியில் இல்லை என்பதை இந்த அவையில், தங்கள் துணைவியார் கேட்க, உறுதி கூறுகிறோம். எம் பிள்ளைகள் தங்களை வெல்வார்களாயின், அது தாங்கள் தந்ததாக இருத்தலாகாது. அவர்களே எடுத்ததாக இருத்தல் வேண்டும். தாங்கள் இத்தனை ஆண்டுகள் இங்குச் செய்தது வேறென்ன?

முழங்கால்கள் வலியறியாது, மூச்சு முட்டாது, முதுமை தங்களை முந்தாது, நலமும் வளமும் நெடிது நிலவ வாழ்க! தங்கள் குரல் எக்களத்திலும் கடைக்கோடி வரை கேட்பதாகுக! இல்லத்தில் இனிமையும் இடையிடையே சற்று அமைதியும் நிறைவதாகுக! வருங்காலத்தில் தாங்கள் காணும் வெற்றிகள் பலவாகுக! முதல் ஆட்டத்தைப் பற்றி மட்டும் எவ்வித வாழ்த்தும் கூற இயலாத நிலையில் உள்ளோம், பொறுத்தருள்க.

அச்சத்தோடும் அதனினும் மிகுந்த அன்போடும்,

இன்று மாலை வரை தங்கள் உடன் பணியாளர்களும்
திங்கள் முதல் தங்கள் எதிரணியினருமாகிய
ஆசிரியர்கள், அலுவலர்கள்