அலமாரிக்குள் எரிந்த பல்பு

கம்ப்யூட்டர் ஆமையாக நகர்கிறது என்றால் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம், டெனின். அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்கிற புது டிரைவைப் போட்டால் பழைய பெட்டிகூடப் புதிதுபோல் ஓடும். கோத்தகிரியில் சர்ச்சின் பங்குச் சாமியார் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் என் பொறுப்பு. இதுவரை ஒரு ஃபைலைத் தொலைத்ததில்லை. உங்கள் அக்கா ஜெஸிந்தாவுக்கும் அது தெரியும். அதனால்தான் மழைக்காலத்தில் தன் கம்ப்யூட்டரை என்னிடம் கொண்டுவந்தாள்.

"மத்தது போனாலும் பரவாயில்லீங்க அக்கா. அவரோட வீடியோ மட்டும் பத்திரமுங்க" என்றாள்.

அவர் என்றால் அவள் புருஷன், என் தம்பி சுபின். சாகும் முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் கெஸியாவுக்காகப் பேசி வைத்த வீடியோக்கள். பிறந்தநாளுக்கு ஒன்றாக, பதினெட்டு வயது வரைக்கும். அந்தந்த நாள் வரும் முன் எதையும் திறப்பதில்லை என்று ஜெஸிந்தா அவனுக்குச் சத்தியம் செய்திருந்தாள். காப்பாற்றவும் செய்தாள்.

நான் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை. பேக்கப் எடுக்கும்போது ஒவ்வொரு ஃபைலும் திறக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். எல்லாவற்றையும் பார்த்தேன். பிறகு திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அம்மா இறந்தபோது சுபின் பால்குடி மறக்காத பிள்ளை. தோளில் போட்டு வளர்த்தவள் நான். அவனுக்காகவே எனக்கு வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தேன். அத்தனை வீடியோவிலும் என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. பதினைந்தாம் பிறந்தநாளுக்கான வீடியோவில் சிரித்துக்கொண்டே சொல்கிறான்: "உங்க அம்மா மாதிரி என்னை யாருமே பாத்துக்கிட்டதில்ல கண்ணு." நேற்று வந்து நாலு நாள் சோறு போட்டவளுக்கு இந்தப் பட்டம்.

ஆனாலும் கோபத்தில் எதையும் செய்யவில்லை. கல்யாண ஆல்பம், கேஸ் ரசீது, குழந்தையின் தடுப்பூசிச் சான்று எல்லாவற்றையும் புது டிரைவில் ஒழுங்காக ஏற்றினேன். வீடியோக்கள் இருந்த அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் விட்டுவிட்டேன். "ஈரம் ஏறிப் பழைய டிஸ்க் செத்துப்போச்சு கண்ணு, கெடைச்ச வரைக்கும் எடுத்தேன்" என்றேன். இந்த மலையில் எது கெட்டாலும் ஈரத்தின் தலையில் போட்டுவிடலாம். கேமரா லென்ஸிலிருந்து செருப்பு வரை பூஞ்சை பூக்கிற ஊர். யார் மறுபேச்சுப் பேசப்போகிறார்கள்? ஜெஸிந்தா தரையில் உட்கார்ந்து அழுதாள். நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன். எனக்கு நன்றிகூடச் சொன்னாள்.

நேற்று நீங்கள் கட்டபெட்டில் என் வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால் இதுவும் அப்படியே போயிருக்கும். குளிருகிறது என்றீர்கள், அலமாரியில் போர்வை இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஈரம் அண்டாமல் இருக்க எல்லோர் வீட்டிலும் வைப்பதுபோல உள்ளே சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில், துணியில் சுற்றி, சுபின் பெயர் ஒட்டிய அந்த டிஸ்க்.

"செத்த டிஸ்குக்கு எதுக்குங்க பல்பு?" என்றீர்கள். அங்கேயே பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம். "நாளைக்கு அக்காவக் கூட்டிட்டு வர்றேன். அவ கையிலயே குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். மரியாதை தெரிந்த பிள்ளை.

இதோ டிஸ்க், வாங்கிக்கொள்ளுங்கள். ஜெஸிந்தா வெளியே காரிலேயே இருக்கட்டும். கடையில் கொடுத்து மீட்டுவிடலாம் என்று வீணாக அலைய வேண்டாம். நீங்கள் போனதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, துளி இடம் மிச்சமில்லாமல் மாதா திருவிழா வீடியோக்களை அதன்மேல் ஏற்றிவிட்டேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

என்னை அரக்கி என்று நினைக்காதீர்கள். கெஸியாவிடமிருந்து நான் எதையும் பறிக்கவில்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளை என்னிடம் அனுப்பிவையுங்கள். அவள் அப்பா பேசியதெல்லாம் எனக்கு மனப்பாடம், நானே சொல்கிறேன். இந்த அத்தையைப் பற்றி அவன் சொல்ல மறந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.