மூன்றாம் கூடத்தில் ஒரு பெண் அமர்ந்திருப்பார்

தப்பு என்னுடையதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் நீங்களே கண்டுபிடித்து என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள்.

நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்தவா என்று யார் கேட்டது? வேண்டாம்... திறந்தே இருக்கட்டும். இன்னொன்று, கடைசியில் ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்று யாரும் கேட்கக் கூடாது.

நம் கலைக்கூடத்தில் ‘வரவிருக்கும் கண்காட்சிகளும் நேரடி நிகழ்ச்சிகளும்’ என்று இரண்டு மாதத்துக்கு ஒரு மடிப்புத்தாள் போடுவார்கள் இல்லையா, அதை எழுதுவது நான். அந்த முறை ‘உடைந்த குடைகள்: ஒரு மறுவாசிப்பு’ என்று ஒரு கண்காட்சி. கிழிந்த குடை பன்னிரண்டு, அவ்வளவுதான். அப்புறம் ஒருவர் மூன்று மணி நேரம் வெங்காயம் உரிப்பார், பக்கத்தில் இன்னொருவர் தகரம் தட்டுவார். அழுகை இலவசம்.

எல்லாம் போட்ட பிறகும் ஒரு கட்டம் காலி. வியாழன், மாலை ஆறு மணி, மூன்றாம் கூடம். எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்க்க, வாய்க்கு வந்ததை அடித்தேன்: ‘அமர்ந்திருத்தல். ஒரு பெண் அமர்ந்திருப்பார். எதிரே நீங்களும் அமரலாம்.’ அச்சுக்குப் போகுமுன் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

எடுக்கவில்லை. இரண்டாயிரம் பிரதி.

வியாழன் வந்தது. மாலை ஐந்தே முக்கால். கலைக்கூடத்துக்கு வருகிற சாலை உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் மூடிக் கிடக்கும் பட்டறைகள், இன்னொரு பக்கம் நீளச் சுவர். அன்று ஒரு நாய்கூட இல்லை. என் கையில் ‘நிகழ்ச்சி ரத்து’ என்று எழுதிய தாள். பக்கத்தில் அத்தான், தோளில் ஏணியோடு.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். எலக்ட்ரீஷியன். அக்கா இறந்து அப்போது எட்டு மாதம். ஊருக்கெல்லாம் விளக்கு மாட்டுகிற மனிதர், தன் வீட்டில் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். பேச்சும் நின்றுவிட்டது. தனியாக விட மனசில்லாமல் நான் போகிற இடத்துக்கெல்லாம் இழுத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு தாள் ஒட்ட ஏணி எதற்கு? எனக்குத் துணை வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன்.

மூன்றாம் கூடத்தில் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில்... ஒரு பெண் அமர்ந்திருந்தாள்.

எங்களுக்கு முதுகு. இரண்டு பக்கமும் முடி விழுந்திருந்தது. எதிர் நாற்காலியோ சுவரோடு ஒட்டி. முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அதில் போய் உட்கார்ந்தே ஆக வேண்டும். பூட்டிய பெட்டியில் ஈரக் கம்பளி புளித்த மாதிரி ஒரு வாசனை.

அவள் உட்கார்ந்திருந்தது என் அறையில் நான் உட்கார்ந்து எழுதும் நாற்காலி. அதற்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தவர் மூச்சை இழுத்தால் ‘டக்’ என்னும், விட்டால் ‘டக்’ என்னும். நானும் நின்று நின்று கேட்டேன்... ஒரு சத்தமும் இல்லை.

நம் இயக்குநர், எந்த வெயிலிலும் கழுத்தில் சால்வை சுற்றுவாரே, அவர் என் தோளைத் தட்டினார். “பிரமாதம்! யாரைப் பிடிச்சே?”

“நான் யாரையும் பிடிக்கலையே. நீங்க வரச் சொன்னதில்லையா?”

“யார் சொன்னா என்னப்பா? அந்தக் கேள்விதானே இந்தப் படைப்பே!”

ரத்துத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பாராட்டைக் கெடுப்பானேன்? நானும் அவ்வளவு யோக்கியன்தான்.

முதலில் உட்கார்ந்தது ஒரு பல் டாக்டர் அம்மா. அரை நிமிடம். எழுந்து வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. “எப்படிம்மா இருந்தா?” என்று கேட்டேன். “ரொம்ப... உள்முகமான அனுபவம்” என்றார். பை கையிலிருந்து நழுவி விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அடுத்தவன் ஒரு தாடிக்காரன். “பார்வையாளன்ங்கறதே கரைஞ்சுடுது சார்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் செடியில் வாந்தி எடுத்தான். சால்வை அதையும் செல்போனில் படம் பிடித்தார்.

பயந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை. அதற்கு மட்டும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. சொன்னால் கலை தெரியாதவர் ஆகிவிடுவார்களே! ஒவ்வொருத்தராகப் போனார்கள், வெளுத்தார்கள், “ஆழம்” என்றார்கள், அடுத்தவரை உள்ளே தள்ளிவிட்டார்கள்.

இன்னொன்றையும் நான் பார்த்தேன். ஒவ்வொருவர் எழும்போதும் அவள் முதுகு ஒரு விரற்கடை நிமிர்ந்தது. ஆறாவது ஆள் எழுந்தபோது, அவள் இருக்கையின் நுனிக்கு வந்திருந்தாள்.

திரும்பிப் பார்த்தேன். ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. அத்தானைக் காணோம்.

எதிர் நாற்காலியில் இருந்தார்.

அவள் தோளுக்கு மேலே அவர் முகம் மட்டும் தெரிந்தது. சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. சொல்ல வெட்கமாக இருக்கிறது... எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அரை மணி. ஒரு மணி. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நாற்பது பேரும் கை தட்டினார்கள்.

“நடிகரா?” என்றார் சால்வை.

“என் அக்கா புருஷன் சார். எழுப்பணும்.”

“தொடாதே! காசு கொடுத்தாலும் இப்படி ஒரு ஆள் கிடைக்க மாட்டான்.”

ஒன்பது மணிக்கு, மக்கள் விருப்பத்துக்கு இணங்க நிகழ்ச்சி விடியும்வரை நீடிக்கும் என்று அறிவித்தார். மறுபடி கைதட்டல். விருப்பம் தெரிவித்த மக்கள் பத்தே நிமிடத்தில் வண்டி ஏறிப் போய்விட்டார்கள். சால்வையும்தான்.

கூடத்தில் மூன்று பேர். அப்படித்தான் அப்போது எண்ணினேன்.

தரையைப் பார்த்தபடியே சுவர் ஓரமாக நடந்தேன். அவள் பாதம் கண்ணில் படாதபடி அத்தான் பக்கத்தில் மண்டியிட்டேன். கிட்டே போனதும்தான் தெரிந்தது, சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. சட்டை முழுக்க வியர்வை. நாற்காலியை இறுக்கிப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அதற்குத்தான் அவ்வளவு நேரமும் கை தட்டியிருக்கிறார்கள். நானும் நின்று பார்த்திருக்கிறேன்.

“அத்தான்... வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

“அக்காவா?”

“முதல்ல அவ மாதிரிதான் இருந்துச்சு” என்றார்.

“இப்ப?”

நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “அத்தான், சாயங்காலத்திலேர்ந்து எல்லாரும் என்கிட்ட சுத்தி வளைச்சுத்தான் பேசினாங்க. நீங்களாவது நேரா சொல்லுங்க. ஏன் எந்திரிக்க மாட்டேங்கறீங்க?”

அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், உதடும் அசையாமல் சொன்னார்:

“இன்னொருத்தர் எந்திரிச்சா இவளும் எந்திரிச்சுருவா, மச்சான். நீ வீடு போய்ச் சேர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன். ஓடு.”