நான்கு விரல் திறந்த கதவு

எங்கள் தெருவில் திரைச்சீலை போட்ட ஒரே வீடு எங்களுடையதுதான். டேனிஷ்காரர்கள் ஜன்னலோரம் விளக்கை வைத்துவிட்டுத் தெருவே பார்க்கச் சாப்பிடுவார்கள். என் மனைவி சுஜீதாவுக்கு அது கூச்சம். அவள் எப்படிப்பட்டவள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் சொல்கிறேன். மொழிபெயர்க்கும் அண்ணைக்காக மெதுவாகவே பேசுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன், ஹொல்ஸ்டெப்ரோவில் பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் ஆசையை அவளிடம் சொன்னேன். அவள் உடை மாற்றுவதை, தலை வாருவதை, நான் இல்லாததுபோல அவள் இருக்க, கதவுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். அவள் கோபப்படவில்லை. ஒரு கிழமை, ஏழு நாளும், யோசித்தாள். பிறகு வெங்காயம் வெட்டியபடி சொன்னாள்:

“பாக்கலாம். ஆனா எனக்குத் தெரிஞ்சுதான் பாக்கவேணும். எந்த நாள் எண்டு நான்தான் சொல்லுவன். கையில ஃபோன் இருக்கக்கூடாது. நான் காணும் எண்டு சொன்னா அதோட சரி, ஏன் எண்டு கேக்கக்கூடாது.”

“ஓம்” என்றேன். காணும் என்றால் போதும் என்று அர்த்தம்.

கதவு நான்கு விரல் அகலம் திறந்திருக்கும். முடிந்ததும் தேநீரோடு உட்கார்ந்து, எது பிடித்தது, எது சங்கடம் என்று கதைப்போம். அவளுக்கும் பிடித்திருந்தது. எங்களுக்குள் அவ்வளவு பேச்சு அதற்கு முன் இருந்ததில்லை. இதுவரை குற்றம் எதுவும் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

இந்தப் பெப்ரவரியில் அவள் காணும் என்றாள். முதியோர் இல்லத்தில் அவளுக்கு மாலை வேலை. ஆள் பற்றாக்குறையில் களைத்துப் போயிருந்தாள். “கொஞ்சக் காலத்துக்கு வேண்டாமப்பா.” நான் ஏன் என்று கேட்கவில்லை. அந்த விதியை நான் மீறவே இல்லை.

மார்ச்சில் படுக்கையறைக் கூரையில் தீப்பிடித்தால் ஒலிக்கும் புகை மணி ஒன்றைப் புதிதாகப் பொருத்தினேன். அதற்குள் சின்னக் கமெரா இருந்தது. யாரோ பார்ப்பது தெரிந்தால் மனிதர் கொஞ்சம் நடிக்கத்தான் செய்வார்கள். எனக்கு நடிக்காத சுஜீதா வேண்டியிருந்தது. அவளுக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. நான் வேலை செய்யும் கதவுத் தொழிற்சாலையில் இடைவேளையின்போது கைபேசியைத் திறந்து பார்ப்பேன், அவ்வளவுதான்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்று நாற்பதுக்கு, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வலது கையிலிருந்து சட்டை நழுவியது. எடுக்கக் குனிந்தவள் கட்டிலில் சாய்ந்து, அப்படியே தரையில் சரிந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. படத்தில் சத்தம் வராது. உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. ஜன்னல் கட்டையில் இருந்த தன் கைபேசியை நோக்கி ஊர்ந்தாள். எட்டவில்லை.

தொழிற்சாலைக் கழிப்பறையில் இருந்தேன். அம்புலன்ஸைக் கூப்பிட இரண்டு முறை 112 அழுத்தினேன், இரண்டு முறையும் நிறுத்தினேன். எங்கேயிருந்து பார்த்தாய் என்று கேட்பார்கள். அவளுக்குத் தெரியவரும். அவள் மனம் உடைந்துவிடும். அதை என்னால் தாங்க முடியாது. நாற்பத்திரண்டு நிமிடம் யோசித்தேன். பிறகு வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய், அவள் பக்கத்தில் முழங்காலிட்டு, அங்கேயிருந்து 112ஐக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்டார்: கடைசியாக எப்போது நன்றாக இருந்தாள்? மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து நேரத்தைப் பொறுத்தது என்றார். காலை ஆறு மணிக்கு நான் வேலைக்குப் போகும்போது நன்றாக இருந்தாள் என்றேன். அது பொய்யில்லை. நேரம் கடந்துவிட்டது என்று அந்த மருந்தைக் கொடுக்கவில்லை.

அவள் தங்கை மேனுஜா ஸ்கீவ நகரிலிருந்து வந்தாள். அக்காவுக்கு உடுப்பு எடுக்க எங்கள் அறைக்குள் போனவள், நெடுநேரம் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். நாற்காலிமேல் நின்றிருந்தாள்.

“அத்தான், இது என்ன?”

“புகை மணி.”

“புகை மணிக்கு ஏன் கண்?”

நாற்காலியிலிருந்து இறங்கினாள். பொலிசுக்கு ஃபோன் எடுத்து உங்களைக் கூப்பிட்டாள்.

ஓம், பொருத்தியது நான்தான். பார்த்ததும் நான்தான். மருத்துவரிடம் நேரத்தை மறைத்ததும் நான்தான். சுஜீதாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, வலது கை அசையவில்லை. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் தனியாகக் கிடந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்துங்கள். அவ்வளவு நேரமும் நான் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.